வல்லரசு ஹனீஃபா

நடுத்திட்டு நகரசபைக்கு ஒரு பெருமை உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவில், எந்த வரைபடக்காரனும் இதுவரை கண்டுபிடிக்காத ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் அதைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டுவிடும். சூயஸ் கால்வாய்த் தகராறு வந்த வருஷம் அதைப் பற்றி ஏழு கூட்டம் பேசினார்கள். அதே வருஷம் வடக்குத் தெரு வாய்க்கால் உடைந்து வீடுகளுக்குள் சாக்கடை புகுந்தது. அதற்கு ஏழு நிமிஷம் ஒதுக்கி, ஆறாவது நிமிஷத்தில் ஒத்திவைத்தார்கள்.

இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாய்க்காலைக் கட்டினால் செலவாகும். செலவு என்றால் எஸ்டிமேட் வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வேண்டும், அப்புறம் யாருடைய மைத்துனனுக்குக் காண்ட்ராக்ட் என்று மனஸ்தாபம் வரும். சூயஸ் கால்வாய்க்கு ஒரு தாளும் கொஞ்சம் மையும் போதும். ஆகவே செலவில்லாத தீர்மானங்களை முதலில் எடுத்துக்கொள்வது, செலவுள்ளவற்றை அப்புறம் நேரம் இருந்தால் பார்ப்பது என்று சபையில் ஒரு சம்பிரதாயம் வேரூன்றிவிட்டது. நேரம் ஒருநாளும் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட சபையிடம்தான் 1963-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் வாணக்கார ஹனீஃபா ஒரு சீட்டுக் கேட்டு வந்து மாட்டிக்கொண்டார்.

ஹனீஃபா கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டுகிறவர். துறையூர்ப் பக்கம் கருங்காட்டில் மாரியம்மனுக்குச் சித்திரையில் தேர். அந்தத் தேருக்கு முதல் வாணம் ஹனீஃபா குடும்பத்து முறை. பொழுது சாய்ந்ததும் அவர் கட்டிய அவுட்டு ஆகாயத்தில் ஏறி வெடித்து ஐந்து நிறமாகக் கொட்ட வேண்டும். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊரார் வடத்தில் கை வைப்பார்கள். ஒரு வருஷம் வாணம் ஏறாவிட்டால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அழுதாலும் திரும்பி வராது. அதற்காகவே கோயில் குளத்தின் அந்தக் கரையில் புலிவலத்து வாணக்காரர் ஜமால் வருஷா வருஷம் வாணக் குழாயை நட்டுக்கொண்டு காத்திருப்பார். பகையெல்லாம் இல்லை, ஹனீஃபாவைக் கண்டால் ஸலாம் சொல்வார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் அக்கறையாகவே விசாரிப்பார். கருங்காட்டு முறை யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் சுற்றுவட்டாரத்துப் பதினெட்டுக் கோயில்காரர்களும் தேடி வருவார்கள். அது போய்விட்டால் ஹனீஃபா இன்னொருவர் கொட்டகையில் கூலிக்கு மருந்து இடிக்க வேண்டியதுதான்.

அந்த வருஷத்திலிருந்து வெடிமருந்து வைத்திருப்பவர்கள் நகரசபையிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு சீட்டு வாங்க வேண்டும் என உத்தரவாகியிருந்தது. சீட்டு இல்லாவிட்டால் ஒரு கூடை மருந்துகூட ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஹனீஃபா மனு எழுதிக் கொண்டுபோய்த் தலைமைக் குமாஸ்தா ரங்கசாமியிடம் கொடுத்தார்.

ரங்கசாமி மனுவை இரண்டு தரம் படித்தார். “ஒரு குறையும் இல்லை பாய். முத்து முத்தா எழுதியிருக்கீங்க. ஆனா இதை நான் தொட முடியாதுங்களே” என்றார்.

“ஏங்க?”

“வெடிமருந்து விஷயம் சபையோட பரிசீலனையில இருக்கு. சபை பேசிக்கிட்டிருக்கிற விஷயத்துல ஆபீஸ் கை வைக்கக்கூடாது. அது ரூல்.”

“என் கொட்டகையைப் பத்தியாங்க சபையில பேசுறாங்க?”

“அட, அது இல்லை பாய். மாஸ்கோவுல அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் இங்கிலீஷ்காரனும் சேர்ந்து அணுகுண்டு ஒப்பந்தம் போட்டிருக்காங்கல்ல? அதை ஆதரிக்கிறதா வேண்டாமான்னு நம்ம சபை யோசிக்குது.”

ஹனீஃபா தாடியைத் தடவினார். “அவங்க யோசிச்சு முடிச்சதும் என்னுது வருமுங்களா?”

“முடிச்சதும் வந்துரும்” என்று சொல்லி, ரங்கசாமி அந்த மனுவை மாஸ்கோ ஒப்பந்தக் கட்டுக்குள் செருகி நாடாவால் இறுக்கிக் கட்டினார். முடிச்சு மேல் முடிச்சாக மூன்று போட்டார். மனிதர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

அன்றிலிருந்து ஹனீஃபா மாதாமாதம் சபைக் கூட்டத்துக்கு வந்து பொதுஜன பெஞ்சில் உட்காரத் தொடங்கினார். அந்தப் பெஞ்சில் பொதுஜனம் உட்கார்ந்து வெகு காலமாகியிருந்தது. முதல் நாள் அவரைக் கண்ட பியூன், வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்துத் தெருவைக் காட்டினான்.

நகரசபைத் தலைவர் திருவேங்கடாச்சாரி எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தார். நல்ல உயரம், பளிச்சென்ற திருமண், கேட்கிறவர்கள் சொக்கிப்போகும் குரல். 

“லோக க்ஷேமார்த்தம் அடியேன் ரெண்டு வார்த்தை விக்ஞாபனம் பண்ணிக்கறேன். ஆகாயம், அதுக்கு மேலே இருக்கற அண்டவெளி, ஜலம், இந்த மூணு இடத்திலயும் இனிமே வெடிச்சுப் பார்க்கப்படாதுன்னு மாஸ்கோவிலே தீர்மானிச்சிருக்கா. நாம ஏன் ஆதரிக்கணும்? நம்ம அனுபவத்தையே எடுத்துக்கோங்கோ. தண்ணிக்கு வரி போட்டோம், குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. தெருவுக்கு விளக்கு வரி போட்டோம், தெரு இருட்டாப் போச்சு. நம்ம நிர்வாகத்தோட கை படாம சுத்தமா இருக்கறது இந்த ஊர்ல ஆகாசம் ஒண்ணுதான். அதையாவது ரக்ஷிக்கணுமோ இல்லையோ?”

மேஜைகள் தட்டப்பட்டன. அந்த நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாக எந்த எதிர்க்கட்சியும் பேசியதில்லை.

எதிர்க்கட்சி என்று சபையில் இருந்தவர் ஒருவர்தான், பிலோமின்ராஜ். வெள்ளை ஜிப்பாவும் கையில் வெட்டி ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளுமாக வருவார். அவர் எழுந்தார்.

“கனம் தலைவர் அவர்களே! ஒப்பந்தத்தை நான் எதிர்க்கலை. அதோட செலவைத்தான் எதிர்க்கிறேன்.”

“இதிலே செலவே கிடையாதே!” என்றார் தலைவர்.

“அதைத்தாங்க எதிர்க்கிறேன். காசு செலவழிக்காம எந்த ஊர்ல சமாதானம் வந்திருக்கு? நாளைக்கு என் வார்டுக்கு மேல ஒருத்தன் குண்டு வெடிச்சுப் பாக்குறான்னு வைங்க. நமக்கு எப்படித் தெரியும்? மேல பாக்க ஒரு பைனாகுலர் இருக்கா? போய்ப் பாக்க ஒரு ஜீப் இருக்கா? உத்தரவாதம் இல்லாத சமாதானத்தை என் வாக்காளர்கள் ஏத்துக்க மாட்டாங்க!”

அவருடைய வாக்காளர்கள் அப்போது பொதுக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சபை திகைத்தது. செலவு என்று வந்துவிட்டால் தீர்மானம் பின்னால் போய்விடும். பின்னால் போனால் ஒருநாளும் வராது. மூன்று கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. புரட்டாசி போய் ஐப்பசி மழை கொட்டி, ஹனீஃபாவின் கொட்டகை ஒழுகி, வெடியுப்பும் கந்தகமும் ஈரமாகாமல் இருக்க அவர் மனைவி ஷரீபா அவற்றை அடுப்படிக்கு எட்டாத மூலைக்கும் கட்டிலுக்கடியிலுமாக மாற்றி மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் தலைவர் தம் முடிவை அறிவித்தார். செலவில்லாத தீர்மானத்தை நிறைவேற்றுவதற்காக ஆகும் செலவு, செலவாகக் கருதப்படமாட்டாது. சபை எழுந்து நின்று கைதட்டியது. பிலோமின்ராஜ் தலைவரைக் கட்டிக்கொண்டார்.

ஜீப், பைனாகுலர் இரண்டு, மேற்பார்வைக் குழுவுக்குப் பிரயாணப் படி, ஆகாயத்தைப் பார்க்கும்போது வெயில் படாமலிருக்கக் குடை என்று எல்லாம் ஒதுக்கினார்கள். எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேள்வி வந்தபோது ரங்கசாமி கொசு ஒழிப்புக் கணக்கைச் சொன்னார். கொசுவும் ஆகாயத்தில்தான் பறக்கிறது என்று குறிப்பும் எழுதிவைத்தார். அந்த மார்கழியில் நடுத்திட்டில் வீட்டுக்கு ஒருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள்.

தை மாதக் கூட்டத்தில், எல்லாம் முடிந்தது என்று ஹனீஃபா செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிலோமின்ராஜ் மறுபடியும் எழுந்துவிட்டார்.

“ஒப்பந்தம்னா ரெண்டு தரப்பு வேணும் தலைவர் அவர்களே. நம்மகிட்ட குண்டு இல்லை. இல்லாதவங்களே கூடிப் பேசி, வெடிக்க மாட்டோம்னு நமக்கு நாமே சத்தியம் பண்ணிக்கிட்டா அதுக்குப் பேரு ஒப்பந்தமா? வெடிக்கக்கூடிய ஒரு தரப்பு நம்ம எல்லைக்குள்ள யாராவது இருக்காங்களா?”

ரங்கசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். “இருக்காருங்க. கட்டுலயே மனு இருக்கு. பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு.”

இருபத்து நாலு தலைகளும் திரும்பின. ஒரு கால் செருப்பை மாட்டியபடி ஹனீஃபா எழுந்து நின்றார். ஐந்து மாதமாக அந்த மனிதர் தங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் சபை கவனித்தது.

அதற்குப் பிறகு அவருக்கு நடந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். பெஞ்சிலிருந்து கூப்பிட்டுப் பச்சைத் துணி போட்ட மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். கிழக்கே பார்த்து யார் உட்காருவது என்பதில் ஒரு கூட்டம் போயிற்று. கடைசியில் இரு தரப்பும் வடக்கே பார்த்து உட்காருவது என்று முடிவாகி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பேச்சு வார்த்தை நடந்தது. சுக்குக் காப்பி வந்தது. அது செலவாகக் கருதப்படவில்லை.

“மேன்மை தங்கிய எதிர்த்தரப்பு ஏதாவது சொல்ல விரும்பறதா?” என்று தலைவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஹனீஃபாவும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். “பெரியவங்க எல்லாரும் இருக்கீங்க. நான் புள்ளகுட்டிக்காரன். சித்திரையில கருங்காட்டுத் தேருங்க. அந்தச் சீட்டு ஒண்ணு மட்டும் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

எதிர்த்தரப்பு சமாதானத்தில் மிகுந்த ஆர்வம் தெரிவித்தது என்று ரங்கசாமி நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் ஷரீபாவிடம் ஹனீஃபா இதையெல்லாம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நாற்காலி போட்டாங்களா?”

“ஆமா. மெத்தை வெச்ச நாற்காலி.”

“காப்பியும் குடுத்தாங்களா?”

“சுக்குக் காப்பி.”

“அப்ப நம்மகிட்ட என்னத்தையோ புடுங்கப் போறாங்க. கையெழுத்துப் போடாதீங்க. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், போடாதீங்க.”

“போடலைன்னா அந்தக் காகிதக் கட்டைப் பிரிக்க மாட்டாங்களாம் ஷரீபா. அடுத்த எலெக்‌ஷன் வந்து புதுச் சபை வந்து மறுபடியும் மொதல்லேருந்து பேசுவாங்களாம். அதுக்குள்ள நமக்கு ரெண்டு தேர் போயிரும்.”

ஷரீபா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் பேசுவாள். பயம் வந்தால்தான் பேசமாட்டாள்.

பங்குனி கடைசியில் கையெழுத்தாயிற்று. பூமாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். திருவேங்கடாச்சாரி எழுந்து பேசினார். “இன்னிக்கு நடுத்திட்டு ஆகாசம் நிர்பயமா இருக்கு. எதிரி பலசாலியா இருந்தா சமாதானம் பண்ணிக்கறது சிரமம்னு ராஜதந்திரிகள் சொல்லுவா. நமக்கு அந்தச் சிரமமே இல்லாம பகவான் ஒரு நல்ல எதிரியைக் குடுத்தார்.”

சித்திரைத் தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது சீட்டு வந்தது. ஹனீஃபா கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலிலேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். மருந்து வைத்துக்கொள்ள, எடுத்துச் செல்ல, வெடிக்க நகரசபைக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. கீழே பொடி எழுத்தில், எங்கு சென்று வெடித்தாலும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, ஆகாயம், அண்டவெளி, நீர் ஆகிய மூன்றிடத்தும் வெடிக்கலாகாது. மீறினால் கொட்டகை சீல் வைக்கப்படும்.

வெயிலென்றும் பாராமல் தலைவர் வீட்டுக்கு ஓடினார். பிலோமின்ராஜும் அங்கே இருந்தார். ஒப்பந்தம் ஆனதிலிருந்து இருவரும் இணைபிரிவதில்லை.

“சாமி, வாணத்தை ஆகாயத்துல விடாம வேற எங்கங்க விடுறது?”

“பூமிக்கு அடியில தாராளமா விடலாமே! மாஸ்கோவிலேயே அதைத் தடுக்கலை. அவாளைவிட நாம கடுமையா இருக்கப்படாதுன்னு நான்தான் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தேன்.”

“மண்ணுக்குள்ள விட்டா யாருங்க பாக்க முடியும்?”

“அணுகுண்டு வெடிக்கறவா மட்டும் நாலு பேர் பார்க்கணும்னா வெடிக்கறா?” என்று தலைவர் கேட்டார்.

பிலோமின்ராஜ் ஹனீஃபாவின் தோளைத் தொட்டார். அந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரம் உண்டு. “கவலைப்படாதீங்க பாய். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்த ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்தே போடாத வல்லரசெல்லாம் இருக்கு. போட்டவனும் எப்ப மீறுவான்னு சொல்ல முடியாது. அதை முழுசா மதிச்சு நடக்கப்போற ஒரே ஆளு உலகத்துல நீங்கதான். எவ்வளவு பெரிய பெருமை!”

ஹனீஃபா கருங்காட்டுக்குப் போய் ஊர்ப் பெரியதனக்காரர் அம்மாசியிடம் சீட்டைக் காட்டினார். அம்மாசி படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இதையெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு வந்தீங்களாக்கும்! நடுத்திட்டிலேருந்து இங்க வந்து எவன் மாமா பாக்கப்போறான்? நீங்க பாட்டுக்கு ஏத்துங்க. ஆத்தா பாத்துக்குவா.”

அந்தப் பேச்சில் ஹனீஃபாவுக்கு உயிர் வந்தது. மூன்று நாளும் குழாய் நட்டு, திரி திரித்து, வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகவே கட்டினார். தேரன்று சாயங்காலம் கோயில் கொட்டு முழங்கத் தொடங்கியபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து அவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. மேற்பார்வைக் குழு இறங்கியது. தலைவர், பிலோமின்ராஜ், ரங்கசாமி. இரண்டு பைனாகுலர், ஒரு குடை. ரங்கசாமியின் கக்கத்தில் சீல் வைக்க அரக்கும் மெழுகுவத்தியும் இருந்தன.

ஹனீஃபா கடப்பாரையை எடுத்து, குழுவின் முன்னிலையில் இடுப்பளவு குழி தோண்டினார். அடிக்கடி நிமிர்ந்து ரங்கசாமியின் கக்கத்தைப் பார்த்தார். அரக்கு அங்கேயே இருந்தது. ஆறு மாதம் கட்டிலுக்கடியில் காப்பாற்றிய மருந்து. ஐந்து நிறத்துக்கும் உப்பைத் தனித்தனியாகச் சலித்துக் கொடுத்தவள் ஷரீபா. அந்த அவுட்டைக் குழிக்குள் இறக்கி, திரிக்கு ஒரு மூங்கில் குழாயைச் செருகி, தாமே மண்ணைத் தள்ளி மூடினார். அவருக்கு மய்யித்தை அடக்கியது போலவே இருந்தது. வாய் தானாகத் துஆ ஓதியது.

தேரடியில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. அம்மாசி துண்டை வீசிச் சைகை காட்டினார். கொட்டு நின்றது. ஆயிரம் ஜனமும் கழுத்தை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தது. ஹனீஃபா “பிஸ்மில்லாஹ்” என்று திரியில் நெருப்பு வைத்தார். நெருப்பு மூங்கிலுக்குள் இறங்கிப் போயிற்று. காலடியில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் மூட்டை இறக்கினால் கேட்கும், அவ்வளவுதான். கொஞ்சம் மண் பொங்கி அடங்கியது. பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து நாலடி தள்ளிப் படுத்துக்கொண்டது.

“ஆகாசம் நிர்மலம்” என்று தலைவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார். ரங்கசாமி எழுதிக்கொண்டார்.

ஜனம் அண்ணாந்தபடியே நின்றது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள் மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் அம்மாசி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்ன மாமா, சனம் கழுத்து நோக நிக்குது. வாணத்தை எப்ப விடப்போறீங்க?”

“விட்டாச்சு மாப்பிள்ளை” என்றார் ஹனீஃபா.

அம்மாசி அவரைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். புதிதாக மூடிய மண்ணைப் பார்த்தார். ஹனீஃபாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, குளத்தின் அந்தக் கரையைப் பார்த்துத் துண்டை வீசினார். நல்ல நேரம் தவறக்கூடாது.

அந்தக் கரையிலிருந்து ஜமாலின் அவுட்டு விசில் அடித்துக்கொண்டு ஏறியது. புலிவலம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. உச்சியில் போய் வெடித்து ஐந்து நிறமாகக் குளத்தின் மேல் கொட்டியது. ஆயிரம் வாயும் “தாயே!” என்று அலறின. தேர் அசைந்தது.

“பேஷ், பேஷ்! என்ன சௌந்தர்யம்!” என்று திருவேங்கடாச்சாரி பைனாகுலரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அன்போடு ஹனீஃபாவின் பக்கம் திரும்பினார். “நீரும் இவ்வளவு காலமா இதே தொழில்தானே ஓய் பண்றீர்? இந்த மாதிரி ஒண்ணு விடக் கத்துக்கப்படாதோ?”

ஹனீஃபாவும் மேலே பார்த்தார். ஜமால் மருந்தை அளவாகத்தான் போட்டிருந்தார். நிறம் பிசகாமல், புகை மிகாமல், நல்ல கட்டு. அவர் அதில் குறை தேடிப் பார்த்தார், ஒன்றும் இல்லை.